மாவும் மாங்கோவும்

சென்ற தை மாதத்தில் ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமம். தகப்பனார் விவசாயி, இவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறார். துணிப்பையிலிருந்து மூன்று தடித்த நோட்டுப் புத்தகங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். எட்டு வருஷமாக இரவுகளில் உட்கார்ந்து எழுதியவையாம். உலகத்து மொழிகள் எல்லாவற்றிலும் தமிழ்ச் சொற்களே மறைந்து கிடக்கின்றன என்பதை நிலைநாட்டும் ஆராய்ச்சி. அச்சகத்தில் பேசி முடித்துவிட்டார். என்னிடம் அவர் கேட்டது ஒரு முன்னுரை.

"நான் கதை எழுதுகிறவன், தம்பி. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவனும் இல்லை. இதற்கெல்லாம் படித்த பேராசிரியர்கள் இருக்கிறார்களே" என்றேன்.

"அவங்க யாரும் பிரிச்சுக்கூடப் பார்க்கலைங்க ஐயா. நீங்க படிப்பீங்கன்னு வந்தேன்" என்றார்.

இப்படிச் சொன்ன பிறகு படிக்காமல் இருக்க முடியுமா? பதினைந்து நாள் தவணை கேட்டேன். எழுந்து போகும்போது, அச்சுக்கூலிக்காக மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருப்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னது என் வேலையைச் சிரமமாக்கிவிட்டது.

மூன்று நோட்டுகளையும் படித்தேன். அவற்றைப் பற்றி நான் சொல்ல விரும்புவதையெல்லாம் ஒரே ஓர் அத்தியாயத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். இரண்டாவது நோட்டில் முப்பது பக்கத்துக்கு அவர் எழுதியிருப்பது ஒரே ஓர் எழுத்தைப் பற்றி. 'மா' என்ற எழுத்து.

எழுத்து என்றேன், சொல் என்றும் சொல்லலாம். தமிழில் ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை நாற்பத்திரண்டு என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. அவற்றில் ஒன்று 'மா'. தமிழில் இதற்கு எத்தனை பொருள்! மாமரம் 'மா'. விலங்கு 'மா'. விலங்குகளில் குதிரையும் யானையும் சிறப்பாக 'மா'. பெரியது 'மா', மாநகரம், மாகடல் என்கிறோம். கறுப்பு 'மா'. திருமகள் 'மா', இது வடமொழியிலிருந்து வந்தது. அரைத்த அரிசியும் 'மா'தான். நாம் மாவு என்று நீட்டுகிறோம், யாழ்ப்பாணத்தில் இன்றும் மா என்றே சொல்கிறார்கள். யாப்புப் படித்தவர்களுக்குத் தேமா, புளிமா உண்டு. பழைய கணக்கில் இருபதில் ஒரு பங்கு ஒரு மா. தஞ்சை ஜில்லாவில் நிலம் அளக்கிறவர்களுக்கு வேலியில் இருபதில் ஒன்று ஒரு மா. அதாவது ஏறத்தாழ 33 சென்ட். நம் இளைஞரின் தகப்பனார் தம்முடைய நிலத்தை இன்றும் மாக் கணக்கில்தான் சொல்வாராம்.

இந்தப் பட்டியலோடு அத்தியாயம் தொடங்குகிறது. பிறகு ஆசிரியர் கப்பலேறிவிடுகிறார். சீன மொழியில் குதிரைக்குப் பெயர் 'மா'. ஆகவே தமிழ். இந்தியில் தாய்க்குப் பெயர் 'மா'. சீனத்திலும் தாய் 'மா'. ஆகவே அம்மாவிலிருந்து பிறந்தவை. பின்லாந்து நாட்டவர் நிலத்தை 'மா' என்கிறார்கள். ஆகவே நம் தஞ்சாவூர் மா பனிக்கடல் ஓரம் வரை போயிருக்கிறது. படிக்கும்போது எனக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஊர் மிராசுதார் யாரோ ஒருவர் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்து போவதுபோல ஒரு சித்திரம் மனத்தில் வந்தது. கதைக்கு நல்ல சித்திரம். ஆராய்ச்சிக்கு இது போதுமா என்பதுதான் கேள்வி.

நான் செய்தது ஒரு சாதாரணக் காரியம். அவர் பார்த்த அகராதிகளின் பெயர்களை நோட்டின் கடைசியில் எழுதி வைத்திருந்தார். அவற்றையும் வேறு சிலவற்றையும் தேடிப் பிடித்து, அவர் எடுத்துக்கொண்ட 'மா'க்களுக்குப் பக்கத்தில் இன்னும் என்னென்ன 'மா'க்கள் இருக்கின்றன என்று பார்த்தேன்.

இத்தாலிய மொழியில் 'மா' என்றால் 'ஆனால்'. பிரெஞ்சில் 'என்னுடைய', அதுவும் பெண்பாற் சொற்களுக்கு முன்னால் மட்டும். ஹங்கேரிய மொழியில் 'மா' என்றால் இன்றைக்கு. எஸ்தோனியர்கள் 'மா' என்று குறுக்கிச் சொன்னால் நான். நீட்டிச் சொன்னால் நிலம். அரபு மொழியில் 'மா' என்பது 'என்ன' என்ற கேள்வியாகவும் இருக்கிறது, 'இல்லை' என்ற மறுப்பாகவும் இருக்கிறது. அதே 'மா'வின் முடிவில் தொண்டையை ஒரு முறை அடைத்து நிறுத்தினால் அது தண்ணீர். ஜப்பானியத்தில் 'மா' என்றால் இடைவெளி. இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள வெளியும் 'மா', இரண்டு பேச்சுக்கு நடுவே உள்ள மௌனமும் 'மா'. நாடகக்காரர்களும் வாத்தியக்காரர்களும் அங்கே இதை ஒரு கலையாகவே பயில்கிறார்கள். கதை எழுதுகிறவனாகிய எனக்கு எல்லா 'மா'க்களிலும் பிடித்த 'மா' இதுதான்.

இவற்றில் ஒன்றாவது இளைஞரின் நோட்டில் இல்லை. அகராதியில் அதே பக்கத்தில்தான் இருந்திருக்கும்; கண்ணில் பட்டும் இருக்கும். ஆனால் 'இன்றைக்கு', 'ஆனால்', 'இடைவெளி' ஆகியவற்றை மாமரத்திலும் மாட்டிவிட முடியாது, மாட்டுக் கொட்டகையிலும் கட்டிவிட முடியாது. எனவே கை அவற்றைத் தாண்டிப் போய்விட்டது. இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. நாம் எல்லோரும் செய்வதுதான். ஜோதிடம் பார்த்துவிட்டு வந்தவர்கள் பலித்ததை மட்டுமே சொல்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? பலிக்காத பத்தும் நினைவில் தங்குவதே இல்லை.

உலகத்தில் இன்று ஏறக்குறைய 7000 மொழிகள் இருக்கின்றன. உதட்டை மூடித் திறந்தால் வரும் ஒலி 'ம'. வாயைத் திறந்தால் வரும் ஒலி 'ஆ'. இவ்வளவு எளிய ஓர் ஒலி, ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் ஏதாவது ஒன்றுக்குப் பெயராக இருக்கத்தான் செய்யும். நம் 'மா'வுக்கோ பத்துப் பொருள். பத்துக் கொக்கிகளோடு தூண்டில் போட்டால் ஏழாயிரம் மீன் உள்ள குளத்தில் நாலு மாட்டாதா? மாட்டிய நாலைக் காட்டி, இந்தக் குளமே என்னுடையது என்று பட்டா கேட்கலாமா?

இன்னொரு சங்கடம், காது சம்பந்தப்பட்டது. சீனத்தில் 'மா' என்பது ஒரு சொல்லல்ல. குரலை உயர்த்தி ஒரே சமமாகச் சொன்னால் தாய். கீழிருந்து மேலே ஏற்றினால் சணல்போல நார் தரும் ஒரு செடி. தாழ்த்தி வளைத்தால் குதிரை. மேலிருந்து வெட்டினாற்போல் இறக்கினால் திட்டுவது. எந்த அழுத்தமும் இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் தொட்டுவிட்டால் அது நம் 'போனானா, வந்தானா' என்பதில் வரும் 'ஆ' மாதிரி ஒரு கேள்வி. அம்மா குதிரையைத் திட்டுகிறாளா என்று கேட்பதற்கு 'மா'வைத் தவிர வேறு எழுத்தே வேண்டியதில்லை. சீனம் கற்கிறவர்களுக்கு இது ஒரு பாலபாடம்.

வியட்நாமியத்தில் குரலுக்கு ஆறு வகை. ஒரு 'மா' பேய். ஒரு 'மா' கன்னம், தெற்கே அதுவே தாய். ஒரு 'மா' ஆனால். ஒரு 'மா' கல்லறை. ஒரு 'மா' குதிரை. ஒரு 'மா' நெல் நாற்று. தாய்லாந்தில் ஒரு 'மா' வா என்பது, ஒரு 'மா' குதிரை, ஒரு 'மா' நாய். அந்த ஊர்க்காரன் காதில் இவை நமக்கு 'கல்', 'கள்' என்பதைப்போல வெவ்வேறு சொற்கள். கல்லும் கள்ளும் ஒன்றுதான் என்று ஓர் அயலான் புத்தகம் போட்டால் நமக்குச் சிரிப்பு வரும். கல்லை உடைத்தால் கள் வரும் என்று அவன் காரணமும் காட்டினால்? நம் நோட்டுப் புத்தகத்தைப் படிக்கும் சீனனுக்கும் அதே சிரிப்புத்தான் வரும்.

இளைஞர் மிகவும் நம்பியிருப்பது தாயை. அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஏனென்றால் இங்கே ஒற்றுமை உண்மையாகவே இருக்கிறது. மர்டாக் என்ற அமெரிக்க அறிஞர் 1959-ல், தாய் தந்தையரைக் குறிக்கும் 1000-க்கு மேற்பட்ட சொற்களைப் பல மொழிகளிலிருந்து சேகரித்துப் பார்த்தார். தாய்க்குரிய சொற்களில் பாதிக்கு மேல் மூக்கொலிகள். தந்தைக்குரிய சொற்களில் அவை வெகு குறைவு. ஏன் இப்படி என்று ரோமன் யாகப்சன் 1960-ல் வெளியான ஒரு கட்டுரையில் விளக்கினார். பால் குடிக்கும் குழந்தைக்கு வாய் அடைபட்டிருக்கிறது. அந்த நிலையில் அது எழுப்பக்கூடிய ஒலி மூக்கின் வழியாக வரும் முனகல்தான். பசிக்கும்போதும் வேண்டும்போதும் அதே முனகல் வருகிறது. அதைக் கேட்டுத் தாய் ஓடி வருகிறாள். ஓடி வந்தவளுக்கு அதுவே பெயராகிவிடுகிறது. இது நடக்கக் கும்பகோணத்திலிருந்து யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. தொட்டில் இருக்கும் இடமெல்லாம் நடக்கும்.

அதுகூட விதியில்லை. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை. தாய்க்கு 'தேதா' என்று பெயர். ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் பேசப்படும் பிச்சஞ்சஜாரா மொழியிலும் 'மாமா' தந்தைதான். நமக்கோ அவர் தாயோடு பிறந்தவர். குழந்தை கொடுப்பது ஒலியை மட்டும். அதை எந்த உறவுக்குக் கொடுப்பது என்பதைப் பெரியவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். ஊருக்கு ஊர் முடிவு வேறாகிறது.

குதிரைக்கு வருகிறேன். சீனக் குதிரைக்கும் தமிழ்க் குதிரைக்கும் 'மா' என்றே பெயர் என்பது உண்மை. ஆனால் சீனத்தின் பழைய உச்சரிப்பை ஆராய்ந்தவர்கள் அந்தச் சொல்லில் முற்காலத்தில் 'ம'வை ஒட்டி ஒரு 'ர' இருந்தது என்று கண்டிருக்கிறார்கள். அதற்கு உறவான பர்மியச் சொல்லை இன்று 'மியின்' என்று உச்சரிக்கிறார்கள். எழுதும்போது 'ம்ரங்' என்றுதான் எழுதுகிறார்கள். எழுத்தில் அந்த 'ர' இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நமக்கும் அவர்களுக்கும் சொல் ஒன்றுபோல் தோன்றுவது பிற்காலத்தில் ஏற்பட்ட விபத்து. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உறவினர்களாக இருந்தால் பின்னோக்கிப் போகும்போது நெருங்க வேண்டும் அல்லவா? மேலும் நம் 'மா' முதலில் பொதுவாக விலங்கு. குதிரை அதில் ஒன்று. அந்தக் குதிரையோ கடல் வழியே இறங்கிய சரக்கு என்பதைப் பட்டினப்பாலையே சொல்கிறது.

வியட்நாமியக் குதிரையும் 'மா'தானே, அது இரண்டாவது சாட்சி ஆகாதா என்று இளைஞர் எழுதுகிறார். ஆகாது. அந்த 'மா' சீனத்திலிருந்து வியட்நாம் கடன் வாங்கியது. ஒரே சாட்சி வேஷ்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு இரண்டாம் முறை கூண்டேறினால் கோர்ட்டில் ஒப்புக்கொள்வார்களா? இதேபோல 'மா' என்பது மறுப்பைக் குறிக்கும் மொழிகளையும் ஒரு பக்கத்தில் அடுக்கியிருக்கிறார். வடமொழியில் 'மா' என்றால் 'வேண்டாம், செய்யாதே'. வேடனை நோக்கி வான்மீகி வாயிலிருந்து வந்த சுலோகம் இந்த 'மா'வோடுதான் தொடங்குகிறது. துருக்கியத்தில் வினைச்சொல்லின் பின்னால் 'மா' சேர்ந்தால் 'பார்' என்பது 'பாராதே' ஆகிவிடும். அரபியில் மறுப்பு என்று முன்பே சொன்னேன். திபெத்தியத்திலும் பர்மியத்திலும் வினைக்கு முன்னால் 'ம' வந்தால் மறுப்பு. பிரமாதமான பட்டியல்! ஆனால் திபெத்தியமும் பர்மியமும் சகோதர மொழிகள். அவை இரண்டும் சேர்ந்து ஒரு சாட்சி. மற்றவை தற்செயல். தமிழ் இந்தக் கூட்டத்திலேயே இல்லை; நாம் மறுப்பதற்கு 'அல்', 'இல்', 'ஆ' என்று வேறு வழி வைத்திருக்கிறோம்.

"ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, அப்போதும் தற்செயல் என்பீர்களா?" என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் ம்பபாரம் என்று ஒரு மொழி இருந்தது. 1960-களில் டிக்ஸன் என்ற மொழிநூலார் அதை அறிந்த கடைசி மனிதர்களிடம் சொற்களைக் கேட்டு எழுதினார். நாய்க்கு என்ன பெயர் என்றார். 'டாக்' என்று பதில் வந்தது. ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். இல்லை, அது அவர்களுடைய சொந்தச் சொல். அக்கம்பக்கத்து உறவு மொழிகளில் 'குடகா' என்று இருப்பது, முதல் அசை உதிர்ந்து, கடைசி உயிர் தேய்ந்து, நடு உயிர் திரிந்து இப்படியாயிற்று. அந்த மொழியின் மற்றச் சொற்களும் இதே முறையில் தேய்ந்திருக்கின்றன. ஆங்கிலத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நம் வீட்டு உதாரணமும் உண்டு. ஆங்கிலத்து 'ஒன்' நம் 'ஒன்று', 'எய்ட்' நம் 'எட்டு' என்று மேடைகளில் கேட்டிருக்கிறோம். கைதட்டியும் இருக்கிறோம்; நானும் தட்டியிருக்கிறேன். பழைய ஆங்கிலத்தில் அந்த 'ஒன்' வெறும் 'ஆன்'. இன்றைய உச்சரிப்பு பிறகு வந்தது; அதன் வழிவந்த 'அலோன்', 'ஓன்லி' ஆகிய சொற்களில் பழைய நிலையின் அடையாளம் இன்னும் இருக்கிறது. 'எய்ட்' என்பதன் உறவினர்கள் ஜெர்மானிய 'ஆக்ட்', லத்தீன் 'ஆக்டோ', வடமொழி 'அஷ்ட'. நம் எட்டோ 'எண்' என்ற அடியிலிருந்து வந்தது. எண்பது, எண்ணூறு என்று சொல்லும்போது அது வெளியே தலை நீட்டுகிறது. கன்னடத்தில் 'எண்டு' என்றே சொல்கிறார்கள். முகம் ஒன்றுபோல் இருக்கிறது, குலம் வேறு.

அப்படியானால் எதை வைத்து உறவைக் கண்டுபிடிப்பது? ஒரு சொல் இன்னொரு சொல்லைப்போல் இருப்பதை வைத்து அல்ல. ஒரு மாற்றம் பல சொற்களில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதை வைத்து. நம் பால் கன்னடத்தில் ஹாலு. நம் பத்து ஹத்து. நம் பல் ஹல்லு. நம் புலி ஹுலி. நம் பூ ஹூவு. ஒன்று வந்தால் தற்செயல். வரிசையாக வந்தால் அது நடைபாதை. நம் செவி அங்கே கிவி. நம் சேரி கேரி. சென்னையிலிருந்து 1816-ல் எல்லிஸும், பிறகு 1856-ல் கால்டுவெல்லும் இந்த மொழிகளை ஒரு குடும்பம் என்று காட்டியது இந்த மாதிரிச் சான்றுகளின் மேல்தான். பரோவும் எமனோவும் தொகுத்து 1961-ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி, பக்கம் பக்கமாக இந்த நடைபாதைகளின் படம்தான். பின்லாந்து மொழியும் ஹங்கேரியமும் இப்படியே உறவு மொழிகள்: அங்கே மீன் 'கலா', இங்கே 'ஹல்', அங்கே மூன்று 'கோல்மே', இங்கே 'ஹாரோம்'. ஆனால் அந்த உறவு மொழிகளிலேயே பின்லாந்தின் 'மா' நிலம், ஹங்கேரியின் 'மா' இன்று. அண்ணன் தம்பி வீட்டிலேயே ஒரே ஒலி இரண்டு சொல்.

நம் அண்ணன் தம்பி வீட்டுக்கும் வருவோம். தெலுங்கில் 'மா' என்றால் 'எங்கள்'. 'மா ஊரு' என்றால் எங்கள் ஊர். இந்த 'மா' தமிழில் எதற்கு உறவு? மாமரத்துக்கு அல்ல, விலங்குக்கு அல்ல, நிலத்துக்கு அல்ல. 'யாம், எம்' என்கிறோமே, அந்த 'எம்'முக்கு. பார்த்தால் ஒன்றுபோல் இருக்கிறதா? இல்லை. ஆனால் உள், உரல் என்ற நம் சொற்கள் அங்கே லோ, ரோலு என்று உயிரை முன்னாலிருந்து பின்னால் தள்ளிக்கொள்வதைக் கவனித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. நம் 'மா'மரமும் அங்கே போயிருக்கிறது. 'மாமிடி' என்ற பெயரில் இருக்கிறது. சாயல் உள்ள இடத்தில் உறவில்லை; உறவு உள்ள இடத்தில் சாயல் இல்லை. என்னுடைய இளம் நண்பர் எட்டு வருஷம் சாயலையே தேடிவிட்டார்.

இதனால் நம் சொற்கள் எங்குமே போகவில்லை என்று ஆகிவிடாது. 1498-ல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் வந்து இறங்கினார்கள். அந்தக் கரையில் ஒரு பழத்தைத் தின்றார்கள். தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ஙா. அவர்கள் வாயில் அது 'மங்கா' ஆயிற்று. மலாய் மொழியில் ஏற்கெனவே 'மங்கா' இருந்தது. தென்னாட்டு வணிகர்களோடு போனது. ஆங்கிலேயர் போர்த்துகீசியரிடமிருந்து கேட்டு 'மாங்கோ' என்றார்கள். இன்று பழக்கூடை போகும் ஊரெல்லாம் இந்தச் சொல் போகிறது. பிரெஞ்சுக்காரன் 'மாங்', ஹங்கேரியன் 'மாங்கோ', சீனன் 'மாங்குவோ' என்கிறான். அவன் குதிரையில் இல்லாத நம் 'மா' அவன் பழத்தட்டில் இருக்கிறது! இதற்குக் கப்பல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, சரக்கு இருக்கிறது, சொல் கைமாறிய வரிசை இருக்கிறது. இது ஆராய்ச்சி. இந்தச் சொல் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறதா என்று தேடினேன். முப்பது பக்கத்தில் அரை வரி. "மாங்கோ என்பதும் தமிழே" என்று முடித்துவிட்டுக் குதிரைக்கு ஓடிவிட்டார்.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் சட்டென்று விளங்கிவிடாது என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லி வைத்திருக்கிறார். அவ்வளவு பழைய காலத்தில் அவ்வளவு அடக்கமாக ஓர் ஆசிரியர் பேசியிருக்கிறார் என்பதே எனக்கு உலகத்துக் குதிரைகள் எல்லாம் தமிழ்க் குதிரைகள் என்பதைவிடப் பெருமையாகப் படுகிறது. இளைஞரின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. தமிழில் உள்ள நல்ல சொல்லெல்லாம் வேறெங்கிருந்தோ வந்தது என்று சொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற வேகத்தில் பிறந்த நோட்டு இது. ஆனால் அன்றைக்கு அவர்கள் செய்த தவற்றையே இன்றைக்கு நாம் திருப்பிச் செய்தால், தவறு நம்முடையதாகிவிடும், வேறு லாபமில்லை. எங்கும் தன் முகத்தையே பார்க்கிறவன் இன்னொருவனைச் சந்திப்பதே இல்லை. ஜப்பானியனின் அந்த இடைவெளியை, வியட்நாமியனின் அந்த நாற்றை, நாம் நமதென்று சொல்லிக்கொள்ளாவிட்டால்தான் அவனிடமிருந்து தெரிந்துகொள்ள முடியும்.

பதினைந்தாம் நாள் அவர் வந்தார். முக்கால் மணி நேரம் இதையெல்லாம் சொன்னேன். குறுக்கே பேசவில்லை. காபி ஆறிப்போயிற்று.

"அப்ப எல்லாமே தப்புங்களா ஐயா?" என்றார் கடைசியில்.

எல்லாமே தப்பில்லை. மூன்றாவது நோட்டின் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக, கணக்கு எழுதுவதைப்போல, ஏதோ எழுதி வைத்திருந்தார். தகப்பனார் நிலத்தையும் வாய்க்காலையும் பற்றிச் சொல்லும் சொற்கள். எந்தச் சொல்லை எந்தத் தெருவில் எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்ற குறிப்பு. நானூறுக்குக் குறையாது. அவற்றில் பாதி நான் பார்த்த எந்த அகராதியிலும் இல்லை. புத்தகத்துக்காக எழுதியவை அல்ல. சும்மா மறந்துவிடக் கூடாது என்று எழுதியவை. "இதைப் போடுங்கள், தம்பி. இதற்கு நான் முன்னுரை எழுதுகிறேன், இதற்கு எழுதக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்றேன்.

"இதையா? இதை யாருங்க ஐயா வாங்குவாங்க?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. சீனக் குதிரை தமிழ்க் குதிரை என்றால் நூறு பிரதி விற்கும். வாய்க்கால் மடைக்கு ஒரு கிராமத்தில் என்ன பெயர் என்றால் பத்துப் பிரதி விற்குமா என்பது சந்தேகம். வாங்குகிறவர்கள் நாம்தான்; கைதட்டுகிறவர்களும் நாம்தான். அந்தச் சங்கிலி அடகுக் கடையில் இருப்பதற்கு நமக்கும் பங்கு உண்டு.

நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். கோபமாகப் போனாரா, யோசனையாகப் போனாரா என்று தெரியவில்லை. அச்சகத்தில் என்ன செய்தார் என்பதும் தெரியவில்லை. அவர் கேட்ட முன்னுரையை எழுத முடியாமல் போனதற்காக இதை எழுதியிருக்கிறேன். அவர் கண்ணில் பட்டால், மூன்றாவது நோட்டின் பின்பக்கத்தைப் பற்றி நான் சொன்னது சமாதானத்துக்காகச் சொன்னதல்ல என்று அவர் நம்ப வேண்டும்.